பெலின்ஸ்கி 'வெறும்' பத்திரிகைக்காரரா?

ருஷ்ய விமர்சகர் விஸ்ஸாரியோன் பெலின்ஸ்கியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 'இலக்கியத்தை அரசியலுக்கு அடகுவைத்த வெறும் பத்திரிகைக்காரர்' என்று ஒரு சாரார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த 'வெறும்' என்ற சொல்லை நான் ஏற்பதற்கில்லை.

1811இல் கடற்படை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பெலின்ஸ்கி. பண்ணையடிமை முறையைச் சாடி நாடகம் எழுதிய அவரை, 1832இல் மொஸ்கோ பல்கலைக்கழகம் வெளியேற்றியது. உடல்நலக் குறைவும் திறமைக் குறைவுமே காரணங்களாகக் கூறப்பட்டன. அந்தத் 'திறமையற்றவர்' 1835இலேயே கோகோலின் மேன்மையை எடுத்துரைத்தார். புஷ்கினைப் பற்றிப் பதினொரு நீண்ட கட்டுரைகள் எழுதினார். பெயரறியாத இளைஞராயிருந்த தஸ்தாயெவ்ஸ்கியின் முதல் நாவலைக் கையெழுத்துப் பிரதியிலேயே வாசித்து வரவேற்றார். இலக்கியச் சுவை அறியாதவருக்கு இவை எவ்வாறு சாத்தியமாயின?

அவர் தவறிழைக்கவில்லையா? இழைத்தார். 1839, 1840 ஆண்டுகளில் ஹெகலின் பெயரால் சார் ஆட்சியையே நியாயப்படுத்தினார். ஆனால் விரைவிலேயே அதனைக் கைவிட்டதோடு, அக்கட்டுரைகளுக்காக வருந்தவும் செய்தார். இதனைத் தடுமாற்றம் என்போர், தவறென்று தெரிந்த பின்னும் பழைய கருத்தையே கட்டிக்கொண்டிருப்பதுதான் நேர்மையென்று கருதுகிறார்களா?

1847இல் கோகோல், சார் ஆட்சியையும் திருச்சபையையும் பண்ணையடிமை முறையையும் போற்றி ஒரு நூல் வெளியிட்டார். காசநோய் முற்றிய நிலையில், சிகிச்சைக்காகச் சால்ஸ்புருன்னில் தங்கியிருந்த பெலின்ஸ்கி, தாம் கொண்டாடிய அதே எழுத்தாளருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். கோகோலின் கலையை அவர் அதில் மறுக்கவில்லை. அக்கலைக்கே கோகோல் துரோகமிழைத்துவிட்டார் என்பதே அவரது குற்றச்சாட்டு. எழுத்தாளனை உண்மையில் மதிப்பவனுக்கு மட்டுமே அந்தக் கோபம் வரும்.

அச்சேற முடியாத அக்கடிதம் கையெழுத்துப் பிரதிகளாக ருஷ்யாவெங்கும் பரவியது. 1848இல் பெலின்ஸ்கி இறந்தார்; வயது முப்பத்தாறு. மறு ஆண்டு, அக்கடிதத்தைக் கூட்டமொன்றில் வாசித்தமை தஸ்தாயெவ்ஸ்கி மீதான முக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்றாயிற்று. மரண தண்டனை விதிக்கப்பட்டு, கொலைக்களத்தில் நிறுத்தப்பட்ட பின்னரே அது சைபீரியக் கடூழியமாகக் குறைக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. இறந்துபோன ஒரு விமர்சகரின் கடிதத்துக்குப் பேரரசு அவ்வளவு அஞ்சியது.

நூல் வெளியீட்டு மேடைகளில் பொன்னாடை போர்த்துவதையே விமர்சனமென்று பழகிவிட்ட நம்மவர்கள், பெலின்ஸ்கியை 'வெறும்' என்று ஒதுக்குமுன் அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.