நினைவு மங்கினால் நடையும் முடங்க வேண்டுமா?

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோடு வாழ்கின்றனர் என 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இது முதியோரில் 7.4 விழுக்காடு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்நோய் மிகுதி. எனவே இது வசதி படைத்தோரின் நோய் அன்று. உழைத்துத் தேய்ந்த மக்களின் நோய்.

மறதிநோய் நினைவை மட்டும் பறிப்பதில்லை. ஆடை அணியும் வரிசை குழம்புகிறது. எழும்போது கால் தடுமாறுகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. பின்னர் படுக்கைப்புண், நிமோனியா என ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்கின்றன. நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் உடலின் இயக்கம் இவ்வளவு விரைவில் முடங்க வேண்டியதில்லை.

பின்லாந்தில், வீடுகளில் வாழ்ந்த அல்சைமர் நோயாளிகள் 210 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு இயன்முறை மருத்துவர்கள் வாரம் இருமுறை சென்று, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி அளித்தனர். வழக்கமான கவனிப்பு மட்டுமே பெற்றோரைவிட இவர்களது இயக்கத்திறன் மெதுவாகவே குறைந்தது. கீழே விழுவதும் குறைந்தது. மருத்துவ, சமூக சேவைகளுக்கான மொத்தச் செலவோ கூடவில்லை.

அன்றாடச் செயல்களும் பயிற்சியே. ஊட்டிவிடுவதே அன்பு என எண்ணுகிறோம். ஆனால் தாமே உண்ண வாய்ப்பின்றிப் போனால் கை அந்தப் பழக்கத்தை விரைவில் இழக்கிறது. முதியவர் தாமே உண்டு முடிக்கும்வரை அருகிருக்க நேரம் வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலைத்தலத்தில் நிற்க வேண்டிய மருமகளிடம் அந்த நேரம் ஏது? 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். முதியோர் பராமரிப்பு இந்தச் சுமையின் மேல் ஏற்றப்படுகிறது. குடும்பப் பண்பாடு என்று புகழ்பாடி அரசு ஒதுங்கிக்கொள்வது, பெண்களின் உழைப்பை விலையின்றிப் பறிப்பதேயாகும்.

ஒன்றிய அரசு செய்வது என்ன? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயதுவரையுள்ள ஏழை முதியோருக்கு அதன் பங்கு மாதம் 200 ரூபாய் மட்டுமே. 2024-இல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. எலும்பு முறிந்தபின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு. முறியாமல் காக்கும் பயிற்சிக்கு இல்லை. 2010-11-இல் தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டத்தின் நெறிமுறைகள், படுக்கையில் கிடப்போரை வீடுதேடிச் சென்று கவனிக்கச் சொல்கின்றன. படுக்கையில் விழுமுன்பே செல்ல வேண்டும் என்பதே நமது வாதம்.

இது நடவாத கனவன்று. கேரளம் 2008-இல் வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சிகளின் வழியாகச் செவிலியர்களை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பிவருகிறது. அந்த வழியில் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சார்ந்து இயன்முறை மருத்துவர் நியமிக்கப்பட வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு மையங்களை அரசே நடத்த வேண்டும். ஓய்வூதியம் வாழத்தக்க அளவுக்கு உயர வேண்டும். இப்பணியையும் ஆஷா ஊழியர்களின் தலையில் ஊக்கத்தொகைக்குச் சுமத்தலாகாது. பராமரிப்புப் பணியாளர்கள் அனைவரும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட்டு, முறையான ஊதியம் பெற வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாதர், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் கையிலெடுக்க வேண்டும். கூடவே, ஆண் தோழர்கள் தம் வீட்டு முதியவரின் கைபற்றி நாள்தோறும் சிறிது தூரம் நடக்கட்டும். மேடையில் பேசும் சமத்துவம் வீட்டு வாசலிலும் தொடங்கட்டும்.