விருந்தினன் கடன்

விருந்தோம்பலைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினரைக் கண்ணியப்படுத்துதல் இறைநம்பிக்கையின் அடையாளம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆனால் நாம் எப்போதும் விருந்தளிப்பவனின் கடமையையே பேசுகிறோம். விருந்துண்ணச் செல்பவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்களின் பண்பாட்டையும் உணவையும் நாடிப் பயணம் போவது பெருகிவிட்ட இக்காலத்தில், மறந்துபோன அந்தக் கடனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மூரிலிருந்தே தொடங்கலாம். வ. புதுப்பட்டியில் பிறந்த எனக்குத் திருவில்லிபுத்தூர் அன்றாடம் சென்று வரும் நகரம். அங்கு வரும் வெளியூர் அன்பர்களைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். பேருந்திலிருந்து இறங்குவர்; கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர்; படம் எடுப்பர்; இரண்டு கிலோ பால்கோவா வாங்குவர்; அடுத்த வண்டியில் ஏறிவிடுவர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புல்லும் நீரும் பாலாவதையும், அந்தப் பால் அடுப்பனலில் சுண்டும்வரை கைவலிக்கக் கிண்டும் தொழிலாளரையும் அவர்கள் அறிவதில்லை. 2019-இல் இப்பால்கோவாவிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. ஊரை அறிய வேண்டும் என்னும் ஆவல் வந்ததா என்பது ஐயமே. இது நமக்குச் சிறு மனக்குறைதான். எனினும் நாம் பிற ஊர்களுக்குச் செல்லும்போது இதையேதானே செய்கிறோம்?

ஊர் என்றும் இருக்கும், இன்னொரு நாள் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பிழை என்பதற்குத் துருக்கி நாட்டின் தென்கிழக்கே இருந்த ஹசன்கெய்ஃப் என்னும் பழம்பெரும் ஊர் சான்றாகும். திஜ்லா என்று அரபியர் வழங்கும் டைகிரீஸ் ஆற்றங்கரையில், பாறைக் குகைகளும் பள்ளிவாசல்களும் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாலத்தின் தூண்களுமாய் விளங்கிய ஊர் அது. ஆற்றோரப் பந்தல்களில் அமர்ந்து மீன் உண்பது அங்குச் செல்வோர் விரும்பிய இன்பம். இலிசு அணையில் 2019-ஆம் ஆண்டு நீர் தேக்கத் தொடங்கினர். 2020-இல் பழைய ஊர் நீருக்குள் அமிழ்ந்தது. அதற்கு முன்னரே, 2017-இல், பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸெய்னல் பேயின் அடக்கவிடத்தைச் சக்கர வண்டியில் ஏற்றி வேறிடத்திற்குப் பெயர்த்துச் சென்றனர். வேறு சில சின்னங்களையும் அவ்வாறே காத்தனர். கல்லைப் பெயர்த்துச் செல்ல முடிந்தது. ஆற்றங்கரையில் அமர்ந்து உண்ட அந்த உணவை எந்த வண்டியில் ஏற்றுவது? உணவும் பண்பாடும் ஆற்றோடும் ஊரோடும் பிணைந்தவை, பிரித்தெடுத்தால் வாழாதவை.

இத்தகைய ஆற்றங்கரைத் தொல்லூர்களைக் காண நாம் துருக்கிக்குச் செல்ல வேண்டியதில்லை. பொருநை எனப் பழந்தமிழர் போற்றிய தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலே கொற்கையும் பழைய காயலும் புன்னைக்காயலும் காயல்பட்டினமும் நமக்காகக் காத்திருக்கின்றன. நம் மாணவர் சுற்றுலா உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்கிறது. காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இந்தப் பொருநை முகத்திற்குச் செல்வதில்லை. இது வருந்தத்தக்கது.

அவ்வழி முழுவதுமே ஒரு பாடநூல். சாத்தூரில் வைப்பாற்றைக் கடக்கிறோம். நம் மலையடிவாரத்து அருச்சுனா நதி சென்று சேரும் ஆறு அதுவே. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், அதற்கும் 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அடுத்து எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கிய ஊரும் பாரதியார் பிறந்த ஊரும் அதுவே. இரு பெருங்கவிஞரின் நினைவிடங்களையும் ஒரே ஊரில் கால்நடையாகவே கண்டுவிடலாம். பின்னர்த் தூத்துக்குடி, அதன் மக்ரூனில் போர்த்துக்கீசியர் தொடர்பின் சுவடு இருக்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் பழைய காயலும், ஆற்றைக் கடந்தால் ஆத்தூரும், அதற்கப்பால் காயல்பட்டினமும் வந்துவிடும்.

கொற்கை சங்க நூல்கள் முத்துக்காகப் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம். கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் கொல்கை என அதனைக் குறித்தனர். ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் கடற்கரையை நோக்கி நகர்ந்து காயலாயிற்று. இன்று கொற்கையில் நின்றால் அலையோசை கேட்பதில்லை. வயலும் வாழையுமே தெரிகின்றன. ஹசன்கெய்ஃபை நீர் வந்து மூடிற்று; கொற்கையை நீர் விட்டு நீங்கிற்று. முடிவு இரண்டிற்கும் ஒன்றே.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதினார். அது பழைய காயலா, இன்றைய காயல்பட்டினமா என்று ஆய்வாளர் வழக்கிடுவர். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகளோடு மரக்கலங்கள் வந்து தங்கிய பெருநகரம் என அவர் அதனை வருணிக்கிறார். அவரது கண்ணில் பட்ட இன்னொரு செய்தி சுவையானது. இவ்வூரார் ஓர் இலையை எப்போதும் மென்றுகொண்டே இருக்கின்றனர் என்று வியந்து, அதன் பெயர் ‘தெம்புல்’ எனக் குறித்துள்ளார். தாம்பூலமே அது! அதே ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டு வணிகர், மென்ற இலைக்குப் பெயர் என்ன என்று கேட்டு எழுதி வைத்தார். நாமோ வெற்றிலையை வாங்கி மடித்துப் போட்டுக்கொண்டு, அது எவ்வூர் இலை என்றுகூடக் கேட்பதில்லை. விருந்தினன் கடனில் முதலாவது இதுவே: பெயரைக் கேட்டல், கேட்டதை எழுதி வைத்தல்.

பெயர்களுக்குக் காயல்பட்டினத்தில் பஞ்சமில்லை. மணவிழாக்களில் பரிமாறப்படுவது களரிச் சாப்பாடு. களரிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் சோற்றோடு ‘சஹன்’ என்னும் பெருந்தட்டில் வரும். சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டலப்பம், கடல் கடந்து இலங்கையோடு அவ்வூரார் கொண்ட உறவைச் சொல்லும். தம்மடை, ஓட்டுமாவு என இன்னும் பல. ஒவ்வொரு பெயரும் ஒரு வரலாற்றுக் குறிப்பு. சொற்பிறப்பு ஆராயும் தமிழ் மாணவனுக்கு அச்சமையற்கட்டே அகராதி.

ஒருமுறை அங்கு ஒரு மணவிருந்தில் கலந்துகொண்டேன். முன்பின் அறியாத பெரியவர் ஒருவரும் நானும் ஒரே சஹனில் அமர்த்தப்பட்டோம். “வாங்க தம்பி, பிஸ்மி சொல்லிக் கை வைங்க” என்றவர், நல்ல கறித்துண்டுகளை யெல்லாம் என் பக்கமே ஒதுக்கிக்கொண்டிருந்தார். உண்டு முடிக்கும் வேளையில், “உங்க ஊர்ல ஆறு ஓடுதா தம்பி?” என்று கேட்டார். அருச்சுனா நதி என்று பெயரை மட்டும் சொன்னேன். “அது எங்கே போய்ச் சேருது?” என்றார். நான் விழித்தேன். வைப்பாற்றில் கலந்து, அதன்வழி தம் ஊர்க் கடலாகிய மன்னார் வளைகுடாவையே அந்நீர் அடைகிறது என்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார். அன்று நான் உண்ட உணவின் சுவை நினைவிலிருக்கிறது. அதைவிட அந்த நாணம் நன்றாக நினைவிலிருக்கிறது. பிறர் ஊரைக் காணச் செல்பவன் தன் ஊரை அறிந்து செல்ல வேண்டும். வெறுங்கையோடு விருந்துக்குப் போகலாகாது. இது இரண்டாவது கடன்.

மூன்றாவது, சோறிட்ட ஆற்றுக்கு நன்றியாயிருத்தல். பொருநைக் கரையிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழியினின்று கிடைத்த நெல், கி.மு. 1155-ஆம் ஆண்டளவினது என ஆய்வில் தெரிந்ததாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சோறிடும் ஆறு அது. அதன் மணலை நாம் அள்ளினோம். அதன் நீரில் சாக்கடையைக் கலந்தோம். முதுபெரும் பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு அவர்கள் நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடியதன் பயனாகவே, 2010-இல் அவ்வாற்றில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை வந்தது. அவர் பிறந்ததும் அவ்வாற்றங்கரை ஊராகிய திருவைகுண்டமே. மீனையும் சோற்றையும் புகழ்ந்து, ஆற்றை மறப்பவன் நல்ல விருந்தினன் ஆகான்.

அவ்வாற்றங்கரை மக்கள் நல்ல விருந்தளிப்போர் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டதால் திருவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணியர் அதில் இருந்தனர். சாலைகளும் துண்டிக்கப்பட்டிருந்தன. அருகிலுள்ள புதுக்குடி ஊரார், தம் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த அந்நேரத்தில், இருந்த அரிசியைக் கொண்டு சோறாக்கி அப்பயணியருக்கு உணவளித்தனர். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் ஒன்று, வெள்ளத்தால் வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்கு அடைக்கலமளித்தது. யார் எவர் எனக் கேளாமல் இட்ட உணவு அது. காயலின் சஹனில் காணும் பண்பும் புதுக்குடியின் சோற்றில் கண்ட பண்பும் ஒன்றே. பண்பாடு என்று நாம் தேடிச் செல்வது இதைத்தான். விழாக்கால விருந்தில் காண்பதைவிட வெள்ளக்காலக் கஞ்சியில் அது தெளிவாகத் தெரிகிறது.

‘இவையெல்லாம் சுற்றுலா செல்லும் இளைஞருக்குப் பெருஞ்சுமை அல்லவா? நல்ல உணவை உண்டு மகிழ்ந்து வருவதில் என்ன பிழை?’ எனச் சிலர் கேட்கக்கூடும். பிழையில்லை. உண்டு மகிழ்வதும் இறைவனின் அருட்கொடைக்கு நன்றி செலுத்துவதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. ஆயினும் உண்டவன் உணவளித்தவருக்காகப் பிரார்த்திப்பதும், தங்கிச் சுமையாகாதிருப்பதும் மார்க்கம் கற்பித்த ஒழுக்கங்கள். வெளியூரார் கூட்டம் ஓர் ஊருக்கு வருமானமாவது மெய். அவ்வூரின் குறுகிய தெருக்களையும் பெண்கள் தனித்து நடக்கும் முடுக்குகளையும் வேடிக்கைப் பொருளாக்குவது மாண்பன்று. ஊரைக் காட்சிப் பொருளாகக் கொள்ளாமல் உறவாகக் கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே தமிழ்த்துறையினருக்கு ஒரு பரிந்துரை. ஆண்டுதோறும் ஒரு நாள் பொருநை முகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் ஆற்றையும் உணவையும் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். சென்ற ஊரில் ஒரு முதியவரிடமாவது ஓர் உணவின் பெயரையும் செய்முறையையும் கேட்டுக் குறிக்கட்டும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்களைப் பெற்ற காயலில், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் உறங்குமாயின், அவற்றை உரியவரின் இசைவோடு படியெடுக்கட்டும். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தந்த அன்ரீக்கே அடிகளார் பணியாற்றிய புன்னைக்காயலையும் காணட்டும். திரும்பியபின் அக்குறிப்புகளைத் தொகுத்து அவ்வூருக்கே ஒரு படி அனுப்பட்டும். பெற்றதைத் திருப்பித் தருதலே விருந்தினன் கடனின் நிறைவு.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். அரபுத்தமிழைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர்களும், களரிச் சமையலின் பக்குவம் அறிந்தவர்களும் வயது முதிர்ந்து வருகின்றனர். அவர்கள் வாயினின்று கேட்க வேண்டியவற்றைக் கேட்பதற்குரிய காலம் நீண்டதன்று. ஒரு வண்டிச் செலவையும் ஒரு நாள் உணவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால், நாற்பது மாணவர் நாற்பது செய்திகளோடு திரும்புவர்.

அடுத்த முறை அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவர் நம் மாணவனிடம், “உங்க ஊர் ஆறு எங்கே போய்ச் சேருது?” என்று கேட்பாரானால், அவன் விழிக்காமல் விடை சொல்ல வேண்டும். சொல்வான், இன்ஷா அல்லாஹ்.