அடிமை வேஷமும் எஜமானி நஷ்டமும்

மோசக்காரன் என்றால் அதிகார உடுப்போடும், மிரட்டல் குரலோடும், பெரிய மனிதர் சிபார்சோடும்தான் வருவான் என்று நம் ஜனங்களில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். தோழர்களே! அவன் காலில் விழுந்து கொண்டும் வருவான். "நான் தங்கள் அடிமை, உத்தரவிடுங்கள்" என்று கைகட்டிக் கொண்டும் வருவான். அப்படி வருகிறவனே அதிக அபாயமானவன் என்பதற்கு, அமெரிக்கா முதலிய நாடுகளில் இன்டர்நெட் வழியாக நடந்து வரும் ஒரு தொழிலின் சங்கதியே போதிய ருஜுவாகும்.

அத்தொழிலுக்கு ஃபைனான்ஷியல் டாமினேஷன் என்று பெயர். சுருக்கமாக ஃபின்டாம் என்கிறார்கள். அதாவது, ஒரு பெண் தன்னை எஜமானி என்று சொல்லிக் கொள்கிறாள். சில ஆண்கள் தங்களை அவளுடைய அடிமைகள் என்று சொல்லிக் கொண்டு, அவள் அதட்டுவதற்கும் உத்தரவு போடுவதற்கும் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்திற்குக் கப்பம் என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இருவரும் நேரில் சந்திப்பதே கிடையாது. பணம் கொடுப்பதுதான் அவனுக்கு இன்பம். வாங்குவதுதான் அவளுக்கு வேலை.

இதைக் கேட்டவுடன் சிரிப்பு வரும். சென்ற மாதம் ஒரு படிப்பகத்தில் இதை நாம் எடுத்துச் சொன்னபோதும் எல்லோரும் சிரித்தார்கள். அடிமை என்ற வார்த்தையே அகராதியில் இருக்கக் கூடாது என்கின்ற நமக்கு, அதை ஒரு விளையாட்டாக வைத்துக் கொள்வது பிடித்தமானதல்ல. ஆனால் நமக்குப் பிடிக்கின்றதா இல்லையா என்பது இங்கு கேள்வியல்ல. வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்து கொள்ளும் காரியத்தில் ஒருவர் மற்றவரை மோசம் செய்தால், அது மோசமா அல்லவா என்பதுதான் கேள்வி.

இத்தொழிலில் ஆண்தான் ஏமாறுவான் என்று யாரும் நினைக்கக் கூடும். ஏமாறுகிற ஆண்களும் உண்டு. குடும்பப் பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. ஆனால் தொழிலுக்குப் புதிதாக வந்த பெண்களைக் குறி வைத்தே அடிமை வேஷம் போட்டுத் திரியும் கூட்டம் ஒன்று இருக்கின்றது. அவர்கள் செய்யும் தந்திரங்களைப் பாருங்கள்.

முதலாவது, செக்குத் தந்திரம். ஒருவன் புதிதாக எழுதுகிறான். அவள் கேட்பதற்கு முன்பே, வாரா வாரம் ஆயிரக்கணக்கான டாலர் அனுப்புகிறேன் என்கிறான். 2,000 டாலருக்கு ஒரு செக்கின் படத்தை அனுப்பி, அதைச் செல்போன் மூலமாகவே பாங்கியில் போடச் சொல்லுகிறான். "500 டாலரைத் தாங்கள் வைத்துக் கொள்ளுங்கள், பாக்கி 1,500-ஐ இன்னாருக்கு அனுப்பி விடுங்கள்" என்றோ, "அந்தத் தொகைக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர்களை மட்டும் தெரிவியுங்கள்" என்றோ சொல்லுகிறான். இரண்டொரு நாளில் அவள் கணக்கில் பணம் இருப்பதாகப் பாங்கி காட்டுகிறது. அவளும் அனுப்பி விடுகிறாள். சில வாரங்கள் கழித்துச் செக்கு பொய்யென்று திரும்புகிறது. பாங்கி 2,000 டாலரையும் அவள் கணக்கிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. அவள் அனுப்பிய 1,500 டாலர் போனது போனதுதான்.

இது எப்படி முடிகிறது? அமெரிக்காவில் 1987-ல் செய்யப்பட்ட ஒரு சட்டப்படி, பெரும்பாலான செக்குகளின் பணத்தைச் சில தினங்களுக்குள் எடுத்துக் கொள்ளப் பாங்கிகள் அனுமதித்தாக வேண்டும். ஜனங்களின் பணத்தைப் பாங்கிகள் வீணாக முடக்கி வைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பணத்தை எடுக்க விடுவது வேறு. செக்கு நிஜமென்று முடிவாவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்திலேதான் மோசக்காரன் குடியிருக்கிறான்.

இரண்டாவது, கொடுத்ததைப் பிடுங்கும் தந்திரம். கார்டு மூலமாகவும் பேபால் போன்ற கம்பெனிகள் மூலமாகவும் கப்பம் அனுப்புகிறான். பிறகு, "நான் அனுப்பவில்லை" என்றோ, "கேட்ட சரக்கு வரவில்லை" என்றோ புகார் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கொள்கிறான். பேபாலில் இப்படித் தகராறு எழுப்ப 180 நாள் வரையில் அவகாசம் இருக்கின்றது. சில சமயங்களில் கார்டே திருட்டுக் கார்டாக இருக்கும்; அப்பொழுது உண்மையான சொந்தக்காரர் புகார் செய்வார். எப்படியானாலும் நஷ்டம் அவளுக்கே.

மூன்றாவது, அவளுடைய கடனை அடைக்கிறேன் என்று சொல்லி, பாங்கிக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்பது. கொடுத்தால், எவருடைய கணக்கிலிருந்தோ திருடிய பணத்தால் அவள் கார்டுக் கடனை அடைத்ததாகக் காட்டுவான். அவள் சந்தோஷப்பட்டிருக்கும்போதே, பிரதியுபகாரமாகக் கிஃப்ட் கார்டுகள் கேட்பான். பிறகு அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். பழைய கடனும் நிற்கும், புதுக் கடனும் ஏறும்.

நான்காவது, பணம் வந்திருப்பதாகப் பாங்கியின் பெயரால் பொய்யான ஈமெயில் அனுப்புவது. "தங்கள் கணக்கு சிறியது, பெரிய தொகையை ஏற்றுக் கொள்ள முதலில் இவ்வளவு கட்டணம் கட்டவும்" என்று அதில் எழுதியிருக்கும். ஐந்தாவது, அவளுடைய நிஜப் பெயரையும் விலாசத்தையும் தெரிந்து கொண்டு, "உன் வீட்டாருக்குச் சொல்லி விடுவேன்" என்று பயமுறுத்திப் பறிப்பது.

இவைகளில் புதுமை ஏதாவது இருக்கின்றதா? ஒன்றுமில்லை. 1849-ல் நியூயார்க் நகரத்தில் வில்லியம் தாம்ஸன் என்பவன் கண்ணியமான உடையோடு வீதியில் வருகிறவர்களிடம் பழகி, என்மேல் நம்பிக்கையிருந்தால் கடிகாரத்தை நாளைவரை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் கொண்டு மறைந்து, கடைசியில் பிடிபட்டான். ஆங்கிலத்தில் நம்பிக்கை மோசக்காரன் என்ற பெயர் பரவியது அவனால்தான். கடிகாரம் போய்ச் செக்கு வந்திருக்கிறது. வீதி போய்ச் செல்போன் வந்திருக்கிறது. நம்பச் சொல்லிக் கேட்பது மாத்திரம் மாறவேயில்லை.

இனி, இவனைக் கண்டுபிடிப்பது எப்படி? பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும்: உத்தரவு போடுகிறவர் யார்? "இந்தச் செக்கைப் போடு, அந்த ஆளுக்கு அனுப்பு, இன்றைக்குள் செய், பாங்கியில் கேட்டால் இப்படிச் சொல்" என்பதெல்லாம் யாருடைய வாயிலிருந்து வருகின்றது? அடிமை என்கின்றவன் உத்தரவு போடுகிறான். எஜமானி என்கின்றவள் கீழ்ப்படிகிறாள்! பெயரைப் பார்த்து மயங்காமல் காரியத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த நிமிஷத்திலேயே வேஷம் கலைந்து போகும்.

ஆகவே அப்பெண்கள் கைக்கொள்ள வேண்டியவை இவ்வளவே. பணம் ஒரு பக்கமாகத்தான் ஓட வேண்டும்; பெறுவதற்காகக் கொடுக்கச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். பெரிய வாக்குறுதிக்கு முன்னால் சிறிய தொகையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மெய்யாகக் கொடுக்கிறவன் கொடுப்பான், வேஷக்காரன் ஆயிரம் சாக்குச் சொல்லுவான். செக்கு வாங்கவே கூடாது. பாஸ்வேர்டு யாருக்கும் கூடாது. அந்நியன் பணத்தை வாங்கி இன்னொருவனுக்கு அனுப்பவே கூடாது. அது திருட்டுப் பணமானால் போலீசார் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். பணம் வந்ததா என்பதை ஈமெயிலையோ படத்தையோ பார்த்தல்ல, தன் கணக்கைத் தானே திறந்து பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டும். தொழிலுக்கு வேறு பெயரும் வேறு விலாசமும் வைத்துக் கொள்ள வேண்டும். பயமுறுத்தினால் ஒரு காசும் கொடுக்காமல், கடிதங்களைப் பத்திரப்படுத்திப் புகார் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே எஃப்.பி.ஐ. இலாகா 2000-ம் வருஷத்திலிருந்து இன்டர்நெட் குற்றப் புகார் நிலையம் ஒன்றை நடத்தி வருகின்றது.

நிற்க, "இப்படிப்பட்ட தொழில் செய்கிறவள் ஏமாந்தால் நமக்கென்ன? ஆண்கள் பணத்தைத் தின்றவளுக்கு அது சரியான கூலிதானே?" என்று சில யோக்கியர்கள் கேட்பார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பணம் அனுப்பியவனைப் பற்றி இந்த யோக்கியர்கள் ஏன் ஒரு வார்த்தையும் சொல்லுவதில்லை? கொடுத்தவன் கண்ணியவானாகவும், வாங்கினவள் மாத்திரம் இழிந்தவளாகவும் ஆவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

மோசக்காரனுக்கு மூலதனம் செக்கல்ல. "இவள் புகார் செய்யமாட்டாள், செய்தாலும் சிரிப்பார்கள்" என்கின்ற தைரியமே அவனுடைய மூலதனம். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது சமூகத்தின் இழிவுப் பேச்சும், அதற்குத் துணை நிற்கும் சட்டதிட்டங்களுமேயாகும். பணம் அனுப்பும் கம்பெனிகள் பல, பாலியல் சம்பந்தமான தொழிலுக்குத் தங்களிடம் இடமில்லை என்று விதி வைத்திருப்பதால், அவள் புகார் கொடுக்கப் போனால் அவள் கணக்கையே மூடிவிடக் கூடும். 2018-ல் ஆள் கடத்தலைத் தடுப்பதற்கென்று அமெரிக்காவில் ஃபோஸ்டா-செஸ்டா என்னும் சட்டம் வந்தது. அதற்குப் பயந்து பல கம்பெனிகள் தங்கள் பக்கங்களை மூடிவிட்டன; பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக் கொள்ள இருந்த இடங்களும் அதனால் குறைந்தன. 2021 ஆகஸ்டில் ஓன்லிஃபேன்ஸ் கம்பெனியார் பாங்கிகளின் நெருக்குதலைக் காரணம் காட்டி, வெளிப்படையான பாலியல் படங்களைத் தடுக்கப் போவதாக அறிவித்துச் சில தினங்களிலேயே வாபஸ் வாங்கினார்கள். இப்படி நாளைக்கு எந்தக் கதவு மூடுமோ என்று இருப்பவள், கிடைத்த வழியில் பணம் வாங்கத் துணிவது ஆச்சரியமா?

தோழர்களே! இது எங்கோ நடப்பது என்று பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். "தவறுதலாக உங்கள் கணக்குக்கு அதிகப் பணம் அனுப்பிவிட்டேன், பாக்கியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று சொல்லிப் பொய்யான மெஸேஜ் ஒன்றைக் காட்டி ஏமாற்றுவது நம் கடைத்தெருவிலும் நடக்கின்றதல்லவா? அதுவும் இந்தச் செக்குத் தந்திரத்தின் தம்பிதான். யு.பி.ஐ. மூலமாகப் பணம் பெறுவதற்கு ரகசிய நம்பர் வேண்டியதேயில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். இதைத் தெரிந்து கொண்ட குடியானவரை எந்தப் பட்டணத்து மோசக்காரனும் அசைக்க முடியாது. அப்படியும் ஏமாந்து போனால், வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து தெரிவிக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கை மாறிக் கொண்டே போகும்.

ஏமாந்தவர் வெட்கப்படுவதும், ஏமாற்றினவன் தலை நிமிர்ந்து நடப்பதும் தலைகீழான ஒழுங்காகும். ஏமாந்தவள் யார், என்ன தொழில் செய்தாள் என்று விசாரிப்பதை விட்டு, ஏமாற்றினவன் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தால்தான் இது நிமிரும். அதுவரையில், கும்பிட்டுக் கொண்டு வருகிறவனையும் கணக்குக் கேட்டே உள்ளே விட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.