காசு கொடுத்தால்தான் கட்டுரையா?

ஆய்விதழ்களுக்கான 'கேர்' அங்கீகாரப் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் கைகழுவிவிட்டது. எந்த இதழ் தரமானது, எது போலி என்பதை இனி கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு வழிகாட்ட எட்டுத் தலைப்புகளில் 36 அளவுகோல்களைப் பரிந்துரைத்துவிட்டு யுஜிசி ஒதுங்கிக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 நவம்பரில், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களும் மத்திய ஆய்வு நிறுவனங்களும் படிக்க அது வழிசெய்கிறது. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அரசின் மனப்போக்கு புரியும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கப் பணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதுவதைச் செப்பனிட்டு வெளியிட ஓர் ஏற்பாடும் இல்லை. இதன் விளைவை முழுசாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தூத்துக்குடிக்கு வர வேண்டும். 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎம்எஃப்ஆர்ஐ) நிலையம், சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம், விலங்கியல் துறைகளைக் கொண்ட கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. எதிரே 21 தீவுகளுடன் மன்னார் வளைகுடா. நீர்வாழ் அறிவியல் படிக்க இதைவிட நல்ல இடம் இந்தியாவில் அரிது.

கடலை ஆய்வதும் ஆய்வுக்கூடத்துக்குள் ஆய்வதும் ஒன்றல்ல என்பதை விதி வகுப்பவர்கள் முதலில் உணர வேண்டும். தூத்துக்குடியின் விசைப்படகுகள் விடியுமுன் போய் அன்று இரவே கரை திரும்புபவை. வலையில் வந்த கழிவு மீனை இனம் பிரிக்க நினைக்கும் மாணவி, ஏலம் முடிந்து மீன் லாரி ஏறுவதற்குள் துறைமுகத்தில் நின்றாக வேண்டும். அளவெடுத்து, எடை பார்த்து, சினைப்பையை ஃபார்மலின் புட்டியில் போட்டு எடுத்துவந்தால் அது ஒரு மாதத்துக்கான மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். அது முடிந்ததும் ஆடிக்காற்று. பல நாட்கள் படகு கிளம்பாது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கி, தண்ணீருக்கடியில் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாது. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இத்தனைக்கும் பிறகு எழுதி அனுப்பிய கட்டுரை, 'வட்டார அளவில் மட்டுமே பயன்படும், புதுமை போதாது' என்று வெளிநாட்டு இதழிலிருந்து திரும்பி வருகிறது. அந்தச் சோர்வு நீங்குமுன் இன்னொரு மின்னஞ்சல் வந்துசேரும்: பத்து நாட்களில் வெளியிடுகிறோம், பணத்தை அனுப்புங்கள்.

அந்தப் பணம் எவ்வளவு என்பதைக் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போலி இதழ்கள் கேட்கும் சில ஆயிரங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மதிப்புள்ளவை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட, படிப்பவருக்கு இலவசமான திறந்த அணுகல் இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரைக்கு 2,000 முதல் 3,000 டாலர் வரை கட்டணம். நடுத்தரமாக 2,500 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நெட் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஒரு கட்டுரைக்காக அவர் ஏறத்தாழ ஆறு மாதங்கள் உண்ணாமல் உடுத்தாமல் இருக்க வேண்டும். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதைப் பெறுபவருக்கு எட்டு மாதங்களுக்கு மேல். உதவித்தொகையே இல்லாமல் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு பிஎச்டி செய்பவர்களுக்கு எத்தனை மாதம் என்று கணக்கிடவே முடியாது. சந்தா திட்டத்திலேயே வெளியீட்டுக் கட்டணத்துக்கென ஆண்டுக்கு 150 கோடி இருக்கிறதே என்று சொல்வார்கள். 150 கோடியை இரண்டு லட்சத்தால் வகுத்தால் 7,500 கட்டுரைகள். இந்தியா ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுகிறது. நூற்றில் நான்குகூடத் தேறாத இந்த உதவி ஐஐடிகளையும் மத்தியப் பல்கலைக்கழகங்களையும் தாண்டித் தூத்துக்குடி மாணவியின் கைக்கு வரும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. வந்தாலும், அது அவர் கையில் நிற்காது. நேராக வெளிநாட்டுப் பதிப்பகத்தின் கணக்குக்குப் போய்விடும்.

இதே ஊரில் ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1973 ஜனவரியில் இந்தக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. சிஎம்எஃப்ஆர்ஐயின் தூத்துக்குடி நிலையத்தில் பணியாற்றிய கே. அழகர்சாமியும் உடனிருந்தவர்களும் அதை முறையாகப் பதிவுசெய்து, அவர்களது நிறுவனத்திலிருந்தே வெளிவந்த 'இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்' இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் மறுபடி கரையேறின. மீனவர்கள் கட்டியிழுத்து ஆழத்தில் விட்டார்கள். அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. கப்பல் இரைச்சலா, நிலநடுக்கமா, தலைமைத் திமிங்கிலம் வழிதவறியதா என்று நாடே ஊகித்துக்கொண்டிருந்தபோது, இது இந்தக் கரைக்குப் புதிதல்ல, அதே மாதத்தில் முன்பும் நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லக் கைகொடுத்தது 1973இன் அந்தப் பதிவுதான். அதில் புரட்சிகரமான கோட்பாடு ஏதும் இல்லை. 'புதுமை' என்ற இன்றைய சல்லடையில் அது முதல் சுற்றிலேயே விழுந்திருக்கும். கட்டணம் கேட்டிருந்தால் யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். கடல் அறிவியலின் அடித்தளம் இப்படிப்பட்ட பதிவுகள்தான். இன்று பார்த்ததை இன்று எழுதாவிட்டால் நாளை எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த நாளைத் திரும்ப வாங்க முடியாது.

அதே 1973 ஜூலையில்தான், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், அதே அழகர்சாமியின் குழு இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தது. கடலடி முத்துப்பார்களில் சிப்பி அற்றுப்போய் 1961உடன் முத்துக்குளிப்பு நின்றுவிட்ட நேரம் அது. வளர்ப்பு முத்துத் தொழில்நுட்பத்தை ஜப்பான் வெளியே கசியவிடாமல் வைத்திருந்தது. ஒரு சிப்பியின் மேன்டில் திசுவிலிருந்து சில மில்லிமீட்டர் துண்டை வெட்டி, ஓட்டில் கடைந்தெடுத்த மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் சினைப்பகுதியில் வைக்க வேண்டும். எந்த அளவு, எந்த இடம், சிப்பியை எப்படித் தளர்த்துவது என்பதையெல்லாம் இங்கிருந்தவர்கள் தாங்களாகவே முயன்று கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தச் செய்தி பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. இதை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதே வளைகுடாவின் முத்துச்சிப்பிகளைப் பற்றி பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகள் எழுதினார். அவற்றை வெளியிட்டது லண்டனின் ராயல் சொசைட்டி. தொலையிரம் முத்துப்பாரில் மூச்சடக்கி இறங்கிச் சிப்பி எடுத்தவன் தமிழன். அந்தச் சிப்பியைப் பற்றிய அறிவு அச்சேறியது லண்டனில். 1954இல் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்', 1959இல் மண்டபத்திலிருந்து இந்தியக் கடல்சார் உயிரியல் சங்கத்தின் இதழ், 1972இல் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் மரைன் சயின்சஸ்' என்று வரிசையாக நாம் தொடங்கியது அந்த நிலையை மாற்றத்தான். இன்று வெளியீட்டுக் கட்டணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் லண்டன் வாசலுக்கே போய் நிற்கிறோம்.

உள்நாட்டு இதழ்களுக்குத் தரம் கிடையாது என்பது வழக்கமான ஆட்சேபம். இதற்கு ஆதாரமாகப் பூஷண் பட்வர்தன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். யுஜிசியின் பழைய அங்கீகாரப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களில் 1,009ஐ ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 88 சதவீதம் தகுதியற்றவை என்று அந்தக் குழு கண்டது. அந்த ஆண்டே 4,305 இதழ்களை யுஜிசி பட்டியலிலிருந்து நீக்கியது. இதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. இதழ்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடம் விட்டபோது விளைந்தது அந்தக் குப்பை. இப்போது கேர் பட்டியலையும் எடுத்துவிட்டு, அதே பொறுப்பை அதே கைகளில் யுஜிசி திரும்பக் கொடுத்திருக்கிறது. அந்த 88 சதவீத இதழ்கள் எங்கிருந்து அச்சாகின்றன என்பதில் விஷயம் இல்லை. எழுதியவரிடம் காசு வாங்குகிற இதழுக்கு, நிராகரிப்பதால் நஷ்டம், ஏற்றுக்கொள்வதால் லாபம். பெரிய பதிப்பகமானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை, தொகைதான் மாறுகிறது. அந்த ஆய்வே 'கரண்ட் சயின்ஸ்' என்ற இந்திய இதழில்தான் வந்தது. 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியதில் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 ஆகச் சரிந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்னதும் அதே இதழில்தான். உள்நாட்டில் வெளியிட்டால் உலகம் படிக்காது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சந்தைதான் தரத்தைத் தீர்மானிக்கட்டும், மாணவர்கள் விரும்பிய இடத்தில் எழுதட்டும் என்று சுதந்திரம் பேசுபவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இதழின் மதிப்பெண்ணைப் பார்க்கும் நாட்டில் இந்தச் சுதந்திரத்துக்குப் பொருளே இல்லை. மீன்வளத் துறையில் தேசிய வேளாண் அறிவியல் அகாடமியின் மதிப்பெண்தான் எல்லாம். மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கும் தாக்கக் காரணி உள்ள இதழுக்கு 6 என்ற அடிப்படை எண்ணோடு அந்தக் காரணியைக் கூட்டித் தருகிறார்கள். தாக்கக் காரணி பெரும்பாலும் ஒன்றைக்கூட எட்டாத நம் மீன்வள இதழ்கள் 6ஐ ஒட்டியே நிற்க, வெளிநாட்டுக் கட்டண இதழ் எட்டும் ஒன்பதும் வாங்கிவிடுகிறது. நேர்காணல் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை, எண்ணைக் கூட்டுகிறார்கள். பிஎச்டி ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் யுஜிசி நீக்கிவிட்டதே என்பது இன்னொரு சமாதானம். காகிதத்தில் கட்டாயம் போயிற்று. வேலைவாய்ப்பில் அது அப்படியே இருக்கிறது. ஆய்வாளரை மதிப்பிடச் சோம்பல்படும் பேராசிரியர்களின் வசதிக்காக ஒரு தலைமுறையையே பதிப்பகங்களின் கல்லாப்பெட்டிக்கு ஓட்டிவிடுகிறோம். இதை அறிவியல் கொள்கை என்று அழைக்க யாருக்கும் கூச்சமில்லாதது வேதனை.

இளம் ஆய்வாளருக்குத் தேவை பட்டியலும் சந்தாவும் அல்ல. முதல் கட்டுரையை வரிவரியாகப் படித்து, இந்த அட்டவணை போதாது, அந்த மாதத் தரவைச் சேர், இந்த முடிவுக்கு ஆதாரமில்லை என்று சொல்லித் தரும் ஓர் ஆசிரியர் குழு தேவை. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்து அறிவியல் நிதியமைப்பு 1990களின் பிற்பகுதியில் 'சைலோ' என்ற பொதுத் தளத்தைத் தொடங்கி, உள்நாட்டு இதழ்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து யாரும் இலவசமாகப் படிக்க வைத்தது. அவற்றில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் கட்டணம் வாங்காதவை, அல்லது மிகக் குறைவாக வாங்குபவை. இன்று அது லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவி நிற்கிறது. ஒரு மாநிலம் செய்த வேலை அது. தமிழ்நாட்டுக்கு அதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்தில் தலைமையகம் கொண்ட ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் சிஎம்எஃப்ஆர்ஐயும் கைகோத்துத் தூத்துக்குடியில் ஒரு கட்டணமில்லா இதழ் மேசையை நிறுவ வேண்டும். சம்பளம் பெறும் முழுநேர ஆசிரியர்கள், புள்ளியியல் தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தைச் செப்பனிட ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கரையொதுங்கிய உயிர்கள், ஓராண்டு மீன்வரத்து, ஒரு பாரின் சிப்பி எண்ணிக்கை போன்ற சிறு பதிவுகளுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். எழுதியவரிடம் காசு வாங்கிய எந்தக் கட்டுரைக்கும், அது எந்த நாட்டு இதழானாலும், பிஎச்டிக்கோ பணி நியமனத்துக்கோ ஒரு புள்ளியும் தரக் கூடாது. இந்த ஒரு விதியைக் கொண்டுவந்தால் போலி இதழ்கள் ஓராண்டுக்குள் தமிழகத்தில் கடையைக் கட்டும். பத்தாண்டுகளில் மன்னார் வளைகுடாவைப் பற்றி அறிய விரும்பும் உலகம் தூத்துக்குடி இதழைத் தேடி வரும். முனைவர் பட்டத்துக்கான வெளியீட்டு விதியை வகுப்பதை 2022 ஒழுங்குமுறை பல்கலைக்கழகங்களிடமே விட்டிருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.