வேரை மறந்த கிளை

ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் தெற்கு வாசலுக்கென 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இரண்டு பெண் சிலைகள் உண்டு. ஒருத்தி திருச்சபை: தலையில் கிரீடம், நேர்கொண்ட பார்வை. மற்றவள் யூத ஜெபஆலயம்: கண்ணைத் துணி மறைக்க, ஈட்டி முறிந்து, கற்பலகைகள் கையிலிருந்து நழுவ, தலைகுனிந்து நிற்கிறாள். எழுத்தறியாத பக்தருக்கும் பாடம் புரிந்திருக்கும்: யூதரைக் கடவுள் கைவிட்டார், அவர்கள் இடத்தில் இனி நாம்.

பவுல் இதைச் சொல்லவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா என்று அவரே கேட்டு, இல்லவே இல்லை என்கிறார். யூதரல்லாத விசுவாசி ஒட்டவைக்கப்பட்ட காட்டு ஒலிவக் கிளை. அவன் வேரைத் தாங்கவில்லை, வேர்தான் அவனைத் தாங்குகிறது. ஆகவே பெருமை கூடாது என்கிறார். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆனாலும் சபை பெருமையடித்தது. 4ஆம் நூற்றாண்டில் சபைப் பிதா கிறிசோஸ்தோம் அந்தியோகியாவில் யூதரைத் தூற்றிப் பிரசங்கித்தார். 1543இல் சீர்திருத்தவாதி லூத்தர் ஜெபஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் அவை எரிந்தன. நாஜி இனவெறிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிலத்தைப் பண்படுத்தி வைத்தது பிரசங்க மேடை.

மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், 1960இல் தம் 82ஆம் வயதில் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்தார். யூதரை இழிவுபடுத்தும் போதனையைச் சபை கைவிட வேண்டும் என்று கேட்டார். அதற்கான அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு கர்தினால் பேயாவிடம் வந்தது. பிறகு எத்தனையோ இழுபறி. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ அறிக்கை வெளியானது. ஆதரவு 2,221 வாக்குகள், எதிர்ப்பு 88. இயேசுவின் மரணத்துக்கு எல்லா யூதர்மீதும் பழிபோட முடியாது என்றது அது. 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுள் யூதரோடு செய்த உடன்படிக்கை ஒருபோதும் ரத்தாகவில்லை என்றார்.

இது யூதருக்குக் காட்டும் தாராளம் அல்ல. ஆபிரகாமுக்குத் தந்த வாக்கைக் கடவுள் முறித்திருந்தால், நமக்குத் தந்த வாக்கை மட்டும் எதை நம்பிப் பற்றிக்கொள்வது?

இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் இந்த உடன்படிக்கையைக் கொண்டு ஆசி வழங்குவோரை நாம் ஏற்கவில்லை. அந்த மக்களின் தீர்க்கதரிசிகளே தங்கள் ராஜாக்களை முகத்துக்கு நேரே கண்டித்தவர்கள். பாலஸ்தீனரின் உயிரும் கடவுளுக்கு அருமையானதே.

நம் மேடைகளில் ‘யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. போதகர்களே, பங்குத்தந்தையரே, அடுத்த பெரிய வெள்ளிக்கு முன் அந்த 11ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டு மேடையேறுங்கள்.