செம்பரம்பாக்கத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

2015 டிசம்பர் வெள்ளம் ஏன் வந்தது என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "செம்பரம்பாக்கம் ஏரிய ராத்திரியோட ராத்திரியா தொறந்து விட்டுட்டாங்க." டீக்கடையிலும் தேர்தல் மேடையிலும் இந்தப் பதில் ஊறிப்போய்விட்டது. இது பாதி உண்மை. அதை முழு உண்மை என்று நம்பியதன் விலையை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது உண்மை. ஏரியை இயக்கிய விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கண்டித்ததும் உண்மை. அந்தக் கண்டனத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் வரைபடத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

அந்த வெள்ளம் ஓடிவந்த அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கவில்லை. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக ஆறாகத் திரண்டு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. அதாவது, முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சேர்க்கைக்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் மதகை இறுகப் பூட்டி வைத்திருந்தாலும் அந்த ஊர்கள் மூழ்கியிருக்கும். மூழ்கவும் செய்தன: டிசம்பருக்கு முன்பே, 2015 நவம்பர் நடுவில் அங்கே தெருவில் படகு ஓடியது. 2021 மழையில் மறுபடியும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கின. இந்த ஊர்களை மூழ்கடித்தது எந்த மதகு?

மூழ்கடித்தது வேறொரு நம்பிக்கை: ஆறு என்றால் கோடையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் மட்டும், அதைத் தாண்டியதெல்லாம் மனை என்ற நம்பிக்கை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஆறு புறம்போக்கு எல்லைக்கல்லோடு முடிந்துவிடும். மழைக்காலத்தில் ஆறு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. இருபுறமும் விரிந்து, தாழ்ந்த நிலத்தில் தங்கி, மெல்ல வடியும். அந்த நிலம் நஞ்சையாக இருந்தவரை ஒரு போகம் போனது, உயிர் போகவில்லை. அதே நஞ்சை லேஅவுட் ஆனபோது, வெள்ளம் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது.

"அப்ரூவல் இருக்கு, லோன் கிடைக்கும்" என்று புரோக்கர் சொல்கிறார். அந்த அப்ரூவலில் என்ன இருக்கிறது? தாழ்வான மனைக்கு வெள்ள அபாயம் குறித்துத் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மனையை இத்தனை உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கு என்பது அதில் வரும் வழக்கமான நிபந்தனை. மேடாக்கிய மனை தப்பும். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். இதை அனுமதி என்று சொல்வதைவிட, வெள்ளத்தை அடுத்தவர் தலையில் கட்டும் உத்தரவு என்று சொல்வதே சரி.

ஆக்கிரமிப்பை அகற்றினால் போதும் என்கிறார்கள் சிலர். 2015க்குப் பிறகு அகற்றப்பட்டவர்கள் யார்? கரையோரக் குடிசைக்காரர்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்விடம். பட்டா நிலத்தில் எழும்பிய அடுக்குமாடிகளை யாரும் கேட்கவில்லை. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் ஆற்றின் மீதே பாலம் போட்டு நிற்கிறது. ஏழை செய்தால் ஆக்கிரமிப்பு, மற்றவர் செய்தால் வளர்ச்சி என்ற கணக்கு வெள்ளத்துக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு புதிதல்ல. வெள்ளச் சமவெளியை வரையறுத்து, எங்கே எதைக் கட்டலாம் என்று மண்டலம் பிரிக்கும் மாதிரிச் சட்டத்தை ஒன்றிய அரசு 1975லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978இல் சட்டம் இயற்றியது. பிறகு ராஜஸ்தான், உத்தராகண்ட் உள்ளிட்ட சில மாநிலங்கள் இயற்றின. ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் பேர்போன தமிழ்நாடு இன்னும் இயற்றவில்லை. அடையாற்றங்கரையில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு விதி, கடல் ஓதம் ஏறும் கீழ்ப்பகுதிக்கான கடலோர ஒழுங்குமுறை விதி. அது கட்டுப்படுத்தும் கரையின் அதிகபட்ச அகலமான 100 மீட்டரையும் 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது.

மண்டல விதி எளிமையானது. மருத்துவமனை, துணை மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வீடுகள் குறைந்தது இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. அதற்குக் கீழே பூங்கா, மைதானம், பயிர். "இருபத்தைந்தாண்டு வெள்ளம்" என்றால் கால் நூற்றாண்டு நிம்மதி என்று பொருளல்ல. ஒவ்வொரு ஆண்டும் அது வர நூற்றுக்கு நான்கு வாய்ப்பு உண்டு. அந்த மட்டத்தில் நிற்கும் வீட்டுக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் புகும் வாய்ப்பு பாதிக்கு மேல். இந்தக் கணக்கை எந்த வங்கியும் நமக்குச் சொல்வதில்லை.

"என் நிலத்தில் கட்டாதே என்றால் எனக்கு என்ன வழி?" என்று நில உடைமையாளர் கேட்பது நியாயம். பொதுத் தேவைக்கு நிலம் தருபவருக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமை தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெள்ளச் சமவெளிக்கும் விரியுங்கள். அந்த ஏற்பாடு, ஆண்டுதோறும் நிவாரணம் கொடுத்துச் சுவர் கட்டுவதைவிடப் பயனுள்ளது.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தில் அடையாறு, கூவம், கொசஸ்தலை மூன்றின் வெள்ளச் சமவெளியும் சர்வே எண்ணோடு குறிக்கப்பட வேண்டும். தமிழ்நாடு தனக்கென வெள்ளச் சமவெளிச் சட்டம் இயற்ற வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஏரியைத் திறந்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆற்றின் இடத்தை மனையாக்கக் கையெழுத்துப் போட்டது யார், இனிமேல் போடாமலிருக்கச் சட்டம் எங்கே என்றும் கேளுங்கள்.