தாவரவியல் படிக்கிறவனுக்கு வியாபாரம் எதுக்கு?

"அதெல்லாம் பி.காம்., பி.பி.ஏ. பசங்க சமாச்சாரம். நீ ஒழுங்கா அரியர் இல்லாம பாஸ் பண்ணு!"

தொழில்முனைவு என்று வாயெடுத்தாலே தாவரவியல், வரலாறு, தமிழ் மாணவர்களுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். சரியா இது?

டாக்டர் கோ.வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் மருத்துவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கும் அறுவை சிகிச்சை. ஒருவருக்கு முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயார். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லையா? 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள். 1993-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமாகவே எழுதியது.

கூத்து என்னவென்றால், ஒரு டாக்டர் செய்ததை எம்.பி.ஏ. மாணவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். டாக்டருக்குப் படிப்பவருக்கு அது 'சிலபஸில் இல்லை'! 1983-இல் 15,000 ரூபாயோடு இறங்கி சிக் ஷாம்புவைச் சந்தைக்குக் கொண்டுவந்த சி.கே.ரங்கநாதன் படித்ததும் வேதியியல்தான்.

சொல்லித் தருகிற இடங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? ஆடிட்டோரியத்தில் ஒரு நாள் கருத்தரங்கு, பொன்னாடை, தயிர்சாதம், சர்டிபிகேட். இல்லாவிட்டால் ஷும்பீட்டரின் வரையறையை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுத் தருவது மாதிரி!

தேவை பெரிய வகுப்பு இல்லை. தாவரவியல் மாணவருக்கு வைக்கோலில் சிப்பிக் காளான் ஏன் முளைக்கிறது என்று தெரியும். ஒரு பை போட எவ்வளவு செலவு, பக்கத்து மெஸ்காரர் என்ன விலைக்கு வாங்குவார், அன்றே விற்காமல் வாடினால் யார் தலையில் நஷ்டம் - இது தெரியாது. ஒரு செமஸ்டர் வளர்த்து, விற்று, கணக்கு எழுதட்டும். நஷ்டம் வந்தால் ஏன் வந்தது என்று எழுதினால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

"எல்லாரையும் முதலாளி ஆகச் சொல்லிவிட்டு, வேலை தரும் பொறுப்பிலிருந்து அரசு நழுவப் பார்க்கிறது" என்பார்கள். நியாயமான பயம்தான். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் 'நீயே தொழில் தொடங்கு' என்பது ஏமாற்று வேலை. கடனை வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்வது அதைவிட மோசம். ஆனால் செலவு, விலை, நஷ்டம் மூன்றையும் கணக்குப் போடத் தெரிந்தவனைத்தான் அப்படி ஏமாற்ற முடியாது.

அப்பாவுக்குக் கடை இருக்கிற பையன் இதையெல்லாம் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொள்கிறான். கூலி வேலைக்குப் போகிறவரின் மகளுக்குக் கல்லூரியை விட்டால் வேறு எந்தக் கல்லாப்பெட்டி இருக்கிறது?